ஆறாத அண்டா

2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் அருகிலுள்ள பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கிய பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த விடுதிகளில் சீர்கேடுகள் பல. மொத்தச் சமையலில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தை மட்டும் இங்கே காண்போம். சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சமைப்பவருக்கும் இது பொருந்தும்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருப்பதுண்டு. கொதிநீரிலும் அவை பிழைத்துக்கொள்ளும். சோறு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியபின் முளைத்துப் பெருகும். 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் பெருக்கம் ஏறத்தாழ அடங்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரு பாக்டீரியா 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகிவிடும்! அது சோற்றில் உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது.

‘அண்டாவை அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். பாத்திரத்தின் நீள, அகல, உயரங்களை இருமடங்காக்கினால் கொள்ளளவு 8 மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ 4 மடங்குதான். சோறு வெப்பத்தை எளிதில் கடத்தாது. தடிமன் இருமடங்கானால், நடுப்பகுதி ஆற ஏறத்தாழ 4 மடங்கு நேரம் பிடிக்கும். ஓரம் சில்லிட்டிருக்கும், நடுவிலோ பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கும். பக்கத்திலுள்ள பாலும் சூடேறும்.

ஆகவே, சோற்றை அகலத் தட்டுகளில் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் பரப்புங்கள். குழம்புப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிளறுங்கள். 2 மணி நேரத்துக்குள், சிறு பாத்திரங்களில் மூடிப் பெட்டிக்குள் வையுங்கள்; இடையே காற்றோட இடம் விடுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்கு சூடாக்குங்கள். பெட்டி குளிரைக் காக்கும். அண்டாவை ஆற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.