ஆல்டர் செய்த வண்டி சாலையில் குற்றம், டிராக்கில் விளையாட்டு: 1950-களின் அமெரிக்காவுக்கும் கோவைக்கும் என்ன தொடர்பு?

மறையூர் – மூணாறு மலைச்சாலையில் போயிருந்தால் அந்த ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய டயர், உயர்த்திய பாடி, கூடுதல் விளக்குகள். வாளையார் தாண்டி பாலக்காடு பக்கம் வந்தால், சைலன்சர் மாற்றிய கார்களும் பைக்குகளும் காதைப் பிளக்கும்.

இது இன்றைக்கு வந்த மோகம் இல்லை. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்க இளைஞர்கள் இதைத்தான் செய்தார்கள். அங்கே அது எப்படி விளையாட்டாக மாறியது, இங்கே எது சட்டப்படி தவறு என்று பார்ப்போம்.

ஹாட் ராட், ஸ்டாக் கார்: என்ன வித்தியாசம்?

ஹாட் ராட் என்பது பழைய காரை வாங்கி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எடை குறைத்து, இன்ஜினின் சக்தியைக் கூட்டிய வண்டி. 1932-ல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 இன்ஜினை சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலருக்கு மெக்கானிக் வேலை தெரியும். பழைய ஃபோர்டு மலிவாகவும் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் இந்த மோகம் பரவ வேறென்ன வேண்டும்?

ஸ்டாக் கார் இதற்கு நேர் எதிர். ஷோரூமில் இருந்து வந்த கார் அப்படியே ஓட வேண்டும் என்பதுதான் ஆரம்பகால விதி. இதன் வேர், தெற்கு மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்திய கார்களில் இருக்கிறது. போலீஸிடம் இருந்து தப்பிக்க வேகம் வேண்டும். சாராய பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் இருக்க ஸ்பிரிங்கை மாற்றுவார்கள்.

அந்த ஸ்பிரிங்தான் முதல் போட்டியிலேயே பிரச்சினை ஆனது. பில் ஃபிரான்ஸ் 1948-ல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு, 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் தன் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயத்தை நடத்தியது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. சோதனையில் பின் ஸ்பிரிங் மாற்றப்பட்டது தெரியவர, அவரைத் தகுதிநீக்கம் செய்து, ஜிம் ரோப்பரை வெற்றியாளராக அறிவித்தார்கள். கார் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு நாஸ்கார் பக்கம் வந்தது. விதி என்றால் விதி என்பது அன்றைக்கே உறுதியானது.

சாலையில் இருந்து டிராக்குக்கு எப்படிப் போனார்கள்?

ஹாட் ராட் இளைஞர்கள் பொதுச்சாலையில் போட்டி போட்டதால் விபத்துகள் நடந்தன, மக்களிடம் கெட்ட பெயர். 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் 1951-ல் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கினார். வண்டிகளைப் பரிசோதிக்க விதிகள் வந்தன. பந்தயத்துக்கு சாலைக்குப் பதிலாக விமான ஓடுதளங்கள் கிடைத்தன. கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில் 1950-லேயே ஓடுதளத்தில் டிராக் ரேஸ் தொடங்கியிருந்தது. 1954-ல் என்.எச்.ஆர்.ஏ. குழு ஒன்று ஊர் ஊராகப் போய், பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுத்தது.

சாலைப் பந்தயம் அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால், வேகத்தை விரும்பும் இளைஞருக்குப் போக ஓர் இடம் கிடைத்தது.

சரி, இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் அதேதான் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப்போர் கால ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது.

சோழவரத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். வண்டிகளைத் தானே கட்டியவர். மாருதி 800 இன்ஜினை வைத்து 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை பந்தயக் கார், குறைந்த செலவில் பலரை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் இந்த வகைக் காரில்தான் பந்தயத்தைத் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பாலக்காட்டில் இருந்து சுமார் 50 கி.மீ. தூரம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. சி.என்.ஜி. போன்ற எரிபொருளுக்கு மாற்றுவது உள்ளிட்ட சில விலக்குகள் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால் பிரிவு 189 பாயும். முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

தனியார் தோட்டம் என்றால் தப்பிக்கலாமா? 2022-ல் வாகமணில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்த ஆஃப்-ரோடு ஜீப் நிகழ்ச்சிக்கே அனுமதி இல்லை என்று வழக்குப் பதிவானது. கலந்துகொண்ட பிரபல மலையாள நடிகருக்கும் மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பியது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பந்தயத்துக்காக மாற்றிய வண்டியை சாலையில் ஓட்டாமல், லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோங்கள். பந்தயத்தில் இறங்கும் முன் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் எடுங்கள். ஜீப் நிகழ்ச்சிக்கு யாராவது கூப்பிட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா? ஆம்புலன்ஸ் நிற்கிறதா? இன்சூரன்ஸ் உண்டா? சொல்லாமல் ஆல்டர் செய்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மை மறுக்கவும் வாய்ப்பு இருக்கிறது. விபத்து நடந்தால், அந்தச் செலவு முழுக்க உங்கள் வீட்டின் தலையில்தான் விழும்.