சொல்லக் கூசும் நோய்கள் – 6: விரையில் எழும் வலி

பல்வலி வந்தால் வீடே அறியும்படி அரற்றுகிற வாலிபன், விரையில் வலி கண்டால் மட்டும் தாயிடமும் சொல்லாமல், தமையனிடமும் சொல்லாமல், விடிந்தால் சரியாகிவிடும் என்று போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறானே, அந்தச் சங்கோசத்தால் விளையும் நஷ்டத்தை எண்ணியே இந்த வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

தாமதத்தைச் சிறிதும் பொறுக்காத காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ரத்தக் குழாய்களும் நரம்புகளும் சேர்ந்த ஒரு கொடியில் விரை தொங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது பையின் சுவரோடு பற்றி நில்லாமல் மணியின் நாவைப் போல் ஊசலாடும். அத்தகையோருக்கு, பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில், விளையாட்டிலோ ஆழ்ந்த நித்திரையிலோ கொடி முறுக்கிக்கொள்ள, ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பொறுக்க முடியாத வலியும் வாந்தியும் திடீரென்று உண்டாகின்றன. வலி அடிவயிற்றில் மட்டும் தெரிவதும் உண்டாகையால், வெறும் வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பது பேரபாயம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சையால் முறுக்கை அவிழ்த்தால் விரை பெரும்பாலும் பிழைக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தால் அரிது. சிலருக்குக் கொடி முறுக்கித் தானே அவிழ்ந்துவிடுவதால், வைத்தியர் பார்க்கும் வேளையில் ஒரு குறையும் தென்படாது. விட்டுவிட்டு வந்த வலியையும் அவரிடம் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும்.

இனி, நோவு ஓரிடத்திலும் அதன் மூலம் வேறோரிடத்திலும் இருக்கும் விசித்திரத்தைப் பார்ப்போம். கர்ப்பத்திலுள்ள ஆண் சிசுவுக்கு விரைகள் உற்பத்தியாவது முதுகுப்புறத்தில், சிறுநீரகங்களின் அருகே. ஏழாம் மாதத்தை ஒட்டி அவை தொடையிடுக்கின் வழியே கீழிறங்கும்போது, தம் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பிறந்த ஸ்தானத்திலிருந்தே இழுத்துக்கொண்டு வருகின்றன. ஆகவே, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கல் சிக்கினால், விரையில் எந்தத் தோஷமும் இல்லாதபோதும் வலி அங்கே எழுகிறது. விரையையே திரும்பத் திரும்பச் சோதித்து ஒன்றும் காணாமல் மனம் சோர்கிறவர்கள் இதை அறிவது நல்லது. குடலிறக்கமும் அவ்விடத்தில் வலியாகத் தோன்றும்.

இடப்பக்கம் மட்டும் மாலையில் கனத்து, படுத்தால் தணிகிற மந்தமான வலிக்கு, ரத்தநாளங்கள் புடைத்துச் சுருளும் வெரிகோசில் காரணமாகலாம். இடப்பக்கத்து நாளம் சிறுநீரகத்தின் நாளத்தில் ஏறக்குறைய செங்கோணமாகச் சேர்வதால் ரத்தம் அங்கே தேங்குகிறது. விரையின் பின்னால் சுருண்டிருக்கும் குழாயில் கிருமிகள் புகுந்தால் வலி படிப்படியாக ஏறும். வாலிபரிடத்தில் இவை பெரும்பாலும் சிற்றின்பத் தொடர்பால் வருபவை என்பதால், அவர்கள் மறைப்பதும் அதிகம், மறைப்பதால் கெடுவதும் அதிகம். பொன்னுக்கு வீங்கி கண்ட சில நாட்களில் விரை வீங்குவதும் உண்டு. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் வலியின்றியே வளர்வதால், நோகாத கட்டியையும் வைத்தியரிடம் காட்டியாக வேண்டும்.

இத்தனையும் சோதித்து, அல்ட்ராசவுண்டிலும் ஒன்றும் புலப்படாமல், 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கிற வலியைப் பொய் என்றோ மனப்பிரமை என்றோ ஒதுக்குவது அநியாயம். கொடியைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்திப் பார்க்கும்போது வலி அடங்குமானால், அதைக் கடத்துபவை அக்கொடியிலுள்ள நரம்புகளே என்று யூகிக்கிறார்கள். மருந்துகளால் தீராத சிலருக்கு, நுண்ணோக்கியின் உதவியால் அந்நரம்புகளை மட்டும் துண்டித்து நிவாரணம் தருகிறார்கள்.