கணவரின் விசாவில் தொங்கும் மனைவியின் தொழில்

"மாப்பிள்ளை அமெரிக்காவில் கம்பியூட்டர் எஞ்சினியராம்" என்ற செய்தி வந்துவிட்டால் எமது வீடுகளில் வேறு கேள்விகள் அடங்கிப் போகின்றன. சம்பளம் எவ்வளவு, வீடு வாங்கியாயிற்றா, தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போவாரா என்றெல்லாம் விசாரிப்பவர்கள், மாப்பிள்ளையின் கடவுச்சீட்டில் உள்ள விசா எந்த எழுத்தில் தொடங்குகின்றது என்று விசாரிப்பதில்லை. ஆனால் அங்கே போகும் பெண் உழைப்பாளா, வீட்டுக்குள் இருப்பாளா என்பதைப் பெரும்பாலும் அந்த எழுத்துத்தான் தீர்மானிக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் எமது அயலில் இருந்த பெண் ஒருவரின் கதை இது. வணிகமாணிப் பட்டதாரி. வங்கியொன்றில் ஆறு வருடம் பணிபுரிந்தவர். 2012 இல் திருமணமாகி நியூ ஜேர்சிக்குப் போனார். பட்டச் சான்றிதழையும் சேவைக் கடிதங்களையும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே கொண்டு போனார். மூன்று மாதத்தில் வேலை தேடிக்கொள்வேன் என்று தாயாருக்குச் சொல்லியிருந்தார். போய்ச் சேர்ந்த பின்னரே, தன்னுடையது எச்-4 எனப்படும் விசா என்பதும், அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் ஒரு டொலரேனும் உழைக்க முடியாது என்பதும் அவருக்கு விளங்கியது. படிக்கலாம், வாகனம் ஓட்டலாம், வங்கிக் கணக்குத் திறக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. வேலை அனுமதி இல்லாதபடியால் சமூகப் பாதுகாப்பு இலக்கமும் கிடைக்கவில்லை. "வங்கியில் மற்றவர்களுக்குக் கடன் எழுதிக் கொடுத்த நான், இப்போது மரக்கறி வாங்கவும் இவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது அக்கா" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். கணவர் நல்லவர், கேட்டால் கொடுப்பவர். கேட்க வேண்டியிருப்பதுதான் அவருக்குச் சுட்டது.

இந்த எழுத்துக்களைச் சற்று விளங்கிக்கொள்வோம். தேர்ச்சி பெற்ற தொழிலாளராக ஒரு நிறுவனம் அழைத்துக்கொள்ளும் ஒருவருக்கு எச்-1பி விசா. அவரின் மனைவிக்கு எச்-4. மாணவர் விசாவான எஃப்-1 இல் கணவர் போனால் மனைவிக்கு எஃப்-2. இதில் வேலை செய்வதற்கு வழியே இல்லை. ஆய்வாளர்களும் பரிமாற்றத் திட்டத்தில் போகும் வைத்தியர்களும் பெறும் ஜே-1 இல் மனைவிக்கு ஜே-2. அவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் உழைக்கும் பணம் கணவரைப் பராமரிப்பதற்கானதாக இருக்கக் கூடாது என்ற வேடிக்கையான நிபந்தனை உண்டு. தனது கம்பனியின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றப்படுபவருக்கு எல்-1. அவரின் மனைவிக்கு உரிய எல்-2 இல் 2002 முதல் வேலை உரிமை உண்டு. 2021 நவம்பரில் நீதிமன்ற வழக்கொன்றில் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னர் அவர் தனியான அனுமதி அட்டைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவில் மனைவி என்ற குறியீடு இருந்தாலே போதும்.

ஆகவே ஒரே தெருவில், ஒரே படிப்புப் படித்த இரண்டு பெண்கள் இருக்கலாம். கணவன்மாரின் வேலையும் ஒன்றாகவே இருக்கலாம். ஒருத்தி வந்த வாரத்திலேயே வேலைக்குப் போவாள். மற்றவள் ஐந்து வருடம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்குப் பெண்ணின் தகைமை காரணமல்ல என்பதை எமது பெற்றோர் முதலில் அறிய வேண்டும்.

எச்-4 பெண்களின் நிலை நீண்ட காலம் பேசப்படாத ஒன்றாகவே இருந்தது. அந்த விசாவில் வாழ்ந்த மேக்னா தமானி என்ற இந்தியப் பெண் 2007 இல் இதனை ஒரு விவரணப் படமாக எடுத்தார். பின்னர் ஒபாமாவின் ஆட்சியில், 2015 பெப்ரவரியில் ஒரு விதி வெளியிடப்பட்டு அவ்வாண்டு மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் எல்லா எச்-4 மனைவியருக்கும் உரியதன்று. கணவரின் நிறுவனம் அவருக்கு நிரந்தர வதிவிடம், அதாவது கிரீன் கார்ட், பெற்றுக்கொடுக்க ஐ-140 என்ற மனுவைச் சமர்ப்பித்து அது அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது கிரீன் கார்ட் நடவடிக்கை தொடங்கி நிலுவையில் இருப்பதால், 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கணவரின் எச்-1பி ஆறு வருட எல்லையைத் தாண்டி நீடிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் விண்ணப்பித்துப் பயனில்லை.

இதன் பொருள் என்ன? மனைவியின் வேலை அனுமதி கணவரின் முதலாளியிடம் தொடங்குகின்றது. அந்த நிறுவனம் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் அவளுடைய வாழ்க்கையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகின்றது. எமது அயல் பெண்ணுக்கு நடந்ததும் இதுவே. கணவரின் நிறுவனம் இழுத்தடித்து 2015 இல்தான் கிரீன் கார்ட் நடவடிக்கையைத் தொடங்கியது. 2016 இல் ஆறு வருட எல்லை தாண்டி விசா ஒரு வருடத்துக்கு நீடிக்கப்பட்ட பின்னர்தான் இவரால் விண்ணப்பிக்க முடிந்தது.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஐ-765. விசாக் காலத்தை நீடிப்பதற்கான ஐ-539 படிவத்துடன் சேர்த்தும் அனுப்பலாம். தபாலில் அனுப்பும் ஐ-765 இற்கான கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 520 டொலர். இணைக்க வேண்டியவை அதிகமில்லை: கடவுச்சீட்டின் பிரதி, ஐ-94 பதிவு, புகைப்படங்கள், விவாகப் பதிவுச் சான்றிதழ், கணவரின் எச்-1பி நிலைக்கும் ஐ-140 அங்கீகாரத்துக்குமான சான்று. கடைசியாகச் சொன்னது சில வீடுகளில் தலையிடியாகின்றது. ஐ-140 நிறுவனத்தின் மனு என்பதால் அதன் பிரதியைத் தொழிலாளியிடம் கொடுக்காத நிறுவனங்கள் உண்டு. அப்படியானால் அதன் வழக்கு இலக்கத்தையேனும் கணவர் கேட்டுப் பெற்று வைத்திருக்க வேண்டும்.

எமது பெண்களுக்கு இன்னொரு சிக்கல் பெயரில் வருகின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு சேர்த்து இன்னொரு விதம், விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்றாவது விதம். "கௌரி"யை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க அலுவலருக்கு இவை மூன்று பெண்களாகத் தெரியலாம். மேலதிக ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால் மாதங்கள் ஓடிவிடும். மொழிபெயர்ப்பைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலுக்கு இணங்கச் செய்விப்பதும், வேறுபாடு இருந்தால் அதனைத் திருத்துவதும் இலங்கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை. திருமணச் சேலைக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசி இதற்குப் போதும்.

அனுமதி கிடைத்தால் அது தாராளமானது என்பதையும் சொல்ல வேண்டும். கணவரின் எச்-1பி ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. மனைவியின் அட்டையில் அப்படியான கட்டு இல்லை. எந்த நிறுவனத்திலும் வேலை செய்யலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். 2015 மே முதல் 2017 டிசம்பர் வரை ஏறத்தாழ 91,000 பேருக்கு முதன்முறையாக இவ்வட்டை கிடைத்தது. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் அதிகமானோர் பெண்கள். அதேபோலத் தொண்ணூறுக்கும் அதிகமானோர் இந்தியாவில் பிறந்தவர்கள்.

இந்தியா என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொழில் வழிக் கிரீன் கார்டுகள் பிறந்த நாட்டின் அடிப்படையில் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஒரு நாட்டுக்கு நூற்றுக்கு ஏழு வீதம் என்ற எல்லை இருப்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து ஆண்டுகளுக்கும் மேல் நீள்கின்றது. இலங்கையில் பிறந்தவர்களுக்கு அத்தகைய நீண்ட வரிசை இல்லை. தமிழ்நாட்டு மாப்பிள்ளையை மணந்த எமது பெண்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவர் தான் பிறந்த நாட்டின் வரிசையில் நிற்காமல், மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் நிற்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பதிவான ஒரு பிறப்புச் சான்றிதழ் இருவருக்கும் பல ஆண்டுகளை மீதப்படுத்தும். இதனைச் சட்டத்தரணியிடம் தாமாகவே கேட்பது நல்லது.

கிடைத்த அட்டை நிலைப்பதும் எளிதன்று. அது எச்-4 காலம் முடியும் நாளோடு முடிந்துவிடும். புதுப்பிக்க, முடிவதற்கு 180 நாட்களுக்கு முன்னர் தொடக்கம் விண்ணப்பிக்கலாம். 2019 மார்ச்சில் எச்-4 நீடிப்புக் கேட்பவர்களும் கைரேகை கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். இதனால் விண்ணப்பங்கள் தேங்கி, பல பெண்கள் வேலையிலிருந்து நிற்க நேர்ந்தது. 2021 மே மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. புதுப்பித்தல் நிலுவையில் இருக்கும்போது பழைய அட்டையுடன் குறிப்பிட்ட காலத்துக்கு வேலையைத் தொடர ஒரு சலுகையும் இருந்தது; 180 நாட்களாக இருந்த அது பின்னர் 540 நாட்களாக்கப்பட்டது. 2025 ஒக்டோபர் 30 அன்றும் அதன் பின்னரும் விண்ணப்பித்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அட்டை முடியும் நாளுக்குள் புதியது வராவிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. எவ்வளவு நல்ல வேலைக்காரியானாலும் நிறுவனம் அவளை வைத்திருக்கச் சட்டம் விடாது.

இந்த விதியையே ஒழித்துவிடும் முயற்சிகளும் நடந்தன. 2017 இல் டிரம்ப் ஆட்சி அதனை நீக்கப் போவதாக அறிவித்தது. 2021 ஜனவரியில் பைடன் பதவியேற்ற சில நாட்களில் அந்த யோசனை மீளப் பெறப்பட்டது. அமெரிக்கத் தொழிலாளர் சிலரின் அமைப்பு 2015 இல் தொடுத்த வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்து, 2024 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் விதிக்குச் சாதகமாக முடிந்தது. 2025 ஒக்டோபரில் அமெரிக்க உயர் நீதிமன்றமும் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அவ்வளவு காலமும் இப்பெண்கள் ஒவ்வொரு தீர்ப்பு நாளையும் எண்ணிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

கணவர் இல்லாமல் போனால்? 2017 பெப்ரவரி 22 அன்று கான்சாஸ் மாநிலத்தின் ஓலேத் நகரில் ஸ்ரீனிவாஸ் குச்சிபொட்லா என்ற பொறியியலாளர் இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது மனைவி சுனயனா துமாலா இறுதிக் கிரியைக்காக இந்தியா சென்றார். கணவரின் இறப்போடு தனது வதிவிட உரிமையும் முடிந்துவிட்டது என்பதை அந்தத் துக்கத்தின் நடுவே அறிந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தலையிட்டதனால் அவருக்குத் திரும்பிப் போக வழி பிறந்தது. எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பாரா?

கணவர் அடிப்பவராக இருந்தாலும் பெண் வாய்மூடி இருப்பதற்கு இந்த விசா ஒரு காரணமாகின்றது. 2006 ஜனவரியில் கையொப்பமான சட்டம் ஒன்று, துன்புறுத்தப்படும் எச்-4 மனைவியர் தாமே வேலை அனுமதி கேட்க வழி செய்தது. அதற்கான ஐ-765வி என்ற படிவம் பயன்பாட்டுக்கு வந்ததோ 2017 இல்தான். கணவரின் கையொப்பமோ, அவரது நிறுவனத்தின் ஐ-140 மனுவோ இதற்குத் தேவையில்லை. மகளை அனுப்பும் தாய்மார் இந்த ஒரு படிவத்தின் பெயரையாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி வரும்வரை வீட்டில் பிள்ளைகளுக்குக் காசுக்கு ரியூசன் சொல்லிக்கொடுப்பது, இடியப்பம் அவித்து விற்பது, சட்டை தைத்துக் கொடுப்பது எல்லாம் சின்ன விடயமாகத் தோன்றும். சட்டத்தின் முன் அவை அனுமதியில்லாத தொழில். பின்னாளில் கிரீன் கார்ட் கேட்கும்போது கேள்வியாக வந்து நிற்கும். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படும் வேலையை "சும்மா உதவிக்கு" என்று செய்வதும் ஆபத்தானது. படிப்பதற்குத் தடையில்லாதபடியால் எமது அயல் பெண் அங்குள்ள சமுதாயக் கல்லூரியில் அமெரிக்க வரிக் கணக்கியல் படித்தார். நேர்முகத் தேர்வில் "இந்த நாலரை வருடமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டவர்களிடம் காட்ட அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

அட்டை தபாலில் வந்த அன்று அவர் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கீழே முடிவுத் திகதி. பத்து மாதங்களும் சில நாட்களும். புதுப்பிக்க விண்ணப்பிக்கக் கூடிய முதல் நாளை அன்றைக்கே சமையலறைக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு விட்டதாகச் சொன்னார்.