ரத்தக்குழாய் வழியே போகும் கதிர்வீச்சு

கல்லீரல் புற்றுக்கட்டியை ஆபரேஷனில் எடுத்தாயிற்று. அப்புறமும் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்களே, ஏன்? சோமனூரிலிருந்து கோவை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கும் குடும்பத்துக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

இந்தப் புற்று பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸாலோ குடியாலோ கொழுப்பாலோ ஏற்கெனவே தழும்பேறிப்போன கல்லீரலில்தான் முளைக்கிறது. கட்டி போனாலும் அந்தக் கல்லீரல் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் ஐந்தாண்டுக்குள் பத்தில் ஏழு பேருக்கு வரை நோய் திரும்புகிறது. மறுபடி வெட்ட எல்லோருக்கும் கல்லீரல் மிச்சமிருக்காது. வெளியிலிருந்து கல்லீரல் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தால் நல்ல பகுதியும் கெடும்.

இங்கே உடலமைப்பு ஒரு வழி விட்டிருக்கிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; மீதிதான் தமனி வழி. கட்டியோ கிட்டத்தட்ட முழுக்கத் தமனியையே நம்பி வளர்கிறது. ஆகவே தமனியில் விடும் மருந்து பெரும்பாலும் கட்டிக்கே போய்ச் சேரும்.

அப்படி விடப்படுவது இட்ரியம்-90 கலந்த கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றும் 20 முதல் 30 மைக்ரான். நம் ஊர் நூலில் இருக்கும் ஒற்றைப் பஞ்சு இழையைவிடக் கொஞ்சம்தான் தடிமன். தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாயைக் கல்லீரல் தமனி வரை நகர்த்துகிறார்கள். முதலில் டெக்னீஷியம் கலந்த புரதத்தைச் செலுத்தி, நுரையீரலுக்கோ வயிற்றுக்கோ கசிகிறதா என்று படம் பிடிப்பார்கள். கசிவு அதிகமென்றால் சிகிச்சை கிடையாது. சரியென்றால் இன்னொரு நாள், லட்சக்கணக்கான மணிகள் அதே வழியில் போய்க் கட்டியின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அவை வீசும் பீட்டா கதிர் சராசரியாக 2.5 மில்லிமீட்டர், அதிகபட்சம் 11 மில்லிமீட்டர்தான் பாயும். 64 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும் என்பதால் இரண்டு வாரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இந்த மணிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வழியிலேயே வீரியம் குறைந்துகொண்டே வரும், செலவும் அதிகம். மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பாபாஸ்பியர்' என்ற உள்நாட்டு மணிகளை உருவாக்கியது இதனால்தான்.

ஆனால் ஆபரேஷன் முடிந்த கையோடு இதையே போட்டுவிட முடியாதா? மணி போய் உட்கார, தமனிக் கிளை பிடித்த கட்டி வேண்டும். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தப்பிய செல்கள் இன்னும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அவற்றைப் பிடிக்க வேறு வழிகளைத் தேடினார்கள். அயோடின்-131 ஏற்றிய லிப்பியோடால் எண்ணெய் 1999-இல் ஹாங்காங் ஆய்வில் நம்பிக்கை தந்தது. 2013-இல் வெளியான ஆசிய-பசிபிக் ஆய்வில் பலன் தெரியவில்லை. பிறகு சீனாவில், புற்றுச்செல்லின் மேலுள்ள சிடி147 புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியில் அதே அயோடினைக் கட்டிக் கொடுத்தார்கள். 2020-இல் வந்த முடிவு: பங்கேற்ற 156 பேரில், மருந்து பெற்றோரில் ஐந்தாண்டு வரை நோய் திரும்பாதவர்கள் 43 சதவீதம், பெறாதோரில் 22. இது இரண்டாம் கட்ட ஆய்வு. பெரிய ஆய்வுகளில் உறுதிப்பட்ட பிறகே வழக்கமான சிகிச்சையாகும்.

அதுவரை ஸ்கேன்தான் காவல். முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேனும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே காட்டிவிட்டால், மறுபடி வெட்டுவதா, சுட்டுப் பொசுக்குவதா, மணிகளை அனுப்புவதா என்று தேர்ந்தெடுக்க டாக்டருக்கு இடமிருக்கும்.