வாயாடிப் பூனையை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்

விலங்குக் காப்பகங்களில் எளிதில் தத்துப் போகாத ஒரு வகைப் பூனை உண்டு. கூண்டுக்குள் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. வருகிறவர்களையெல்லாம் பார்த்து மியாவ் மியாவ் என்று பேசும். கம்பி வழியே கையை நீட்டி அழைக்கும். பார்ப்பவர்களுக்கும் பிடித்துப்போகும். ஆனால், கூண்டில் தொங்கும் அட்டையில் ‘எஃப்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கும். ‘பூனைக்கு எய்ட்ஸாம்’ என்று கேட்டதும் பலர் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையற்றது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எஃப்.ஐ.வி. என்பது பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் வைரஸ். அது கண்டறியப்பட்டதே ஆதரவற்ற பூனைகள் வாழ்ந்த ஓர் இடத்தில்தான். கலிஃபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் ஒருவர் பராமரித்த பூனைகளில் ஒரு பகுதி மட்டும் அடுத்தடுத்து நோயுற்றன. அப்போது அறியப்பட்டிருந்த பூனை ரத்தப்புற்று வைரஸ் அவற்றிடம் இல்லை. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோரின் குழு 1986இல் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தது. மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது.

எஃப்.ஐ.வி.யும் எச்.ஐ.வி.யும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் நோய் எதிர்ப்பாற்றலுக்குத் தேவையான வெள்ளணுக்களைத் தாக்குபவை. ஆனால், எஃப்.ஐ.வி. மனிதர்களுக்கும் நாய்களுக்கும் தொற்றாது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் ஆழமான கடியால்தான். அதனால்தான் கருத்தடை செய்யப்படாமல் வெளியே சுற்றிச் சண்டையிடும் கடுவன்களிடம் இது அதிகம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் ஒன்றையொன்று நக்குவதாலும் பரவுவது மிக அரிது. அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் தொற்றுள்ள 8 பூனைகள், தொற்றில்லாத 130 பூனைகளோடு கலந்து வாழ்ந்தன. பிறகு மறுபரிசோதனை செய்யப்பட்ட பூனைகள் எதிலும் புதிய தொற்று இல்லை என்று 2014இல் வெளியான ஆய்வு கூறியது.

குட்டிகள் விஷயத்தில் அட்டையை அப்படியே நம்பவும் கூடாது. வழக்கமான பரிசோதனை, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் தாய்ப்பாலின் வழியே வந்ததாகவும் இருக்கலாம். எனவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் ‘பாசிட்டிவ்’ வந்தால், ஆறு மாதம் நிறைந்த பிறகு மறுபடி சோதிக்க வேண்டும்.

தொற்று உறுதியான பூனையும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் வாழலாம். நல்ல பராமரிப்பில் மற்றப் பூனைகளுக்கு இணையாக முதுமைவரை வாழ்பவை ஏராளம். வைரஸை உடலிலிருந்து நீக்கும் மருந்து கிடையாது. ஈறு வீக்கம், வாய்ப்புண், தோல் தொற்று போன்றவை எளிதில் வரும். அவற்றை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் பூனையின் நலம் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பூனைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். வாயாடிப் பூனையின் பெருமை இங்கேதான் தெரிகிறது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அபூர்வமாகவே மியாவ் சொல்லும். குட்டிப் பருவத்தில் தாயை அழைத்த குரலை, மனிதர்களோடு வாழும் பூனை நமக்காக வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்கிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, உணவு கேட்கும் பூனையின் குர்குர் ஒலிக்குள் கைக்குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த ஒலி ஒன்று கலந்திருக்கிறது. பூனை வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமான ஒலியாகவே பட்டது. பூனையின் குரலைப் பிரித்தறியும் திறன் பழக்கத்தால் கூடுகிறது. தம் பூனையின் மியாவை ஊகிப்பவர்கள் அடுத்த வீட்டுப் பூனையிடம் தடுமாறுகிறார்கள்.

ஆகவே வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் முக்கியமானவை. எப்போது பேசுகிறது, எந்தக் குரலில் பேசுகிறது என்று கவனித்து வையுங்கள். தினமும் காலையில் கூப்பிடும் பூனை ஒருநாள் மௌனமானால், குரல் கரகரத்தால், தட்டருகே வந்து கத்திவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினால், வாய்வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. பத்து வயதைத் தாண்டிய பூனை முன்னைவிட அதிகமாகக் கத்தி, ஓயாமல் ஓடி, நிறையச் சாப்பிட்டும் மெலிந்தால், தைராய்டு சுரப்பு மிகுந்திருக்கக்கூடும். உயர் ரத்த அழுத்தமும் காதுகேளாமையும்கூட இரவில் கத்த வைக்கும்.

நம் வீடுகளில் பூனை இஷ்டப்படி வெளியே போய்வருவதுதான் வழக்கம். எஃப்.ஐ.வி. பூனைக்கு அது ஆகாது. மற்றப் பூனைகளுக்கு நோயைக் கொடுக்காமலும், வெளியிலிருந்து வேறு தொற்றுகளை வாங்கி வராமலும் இருக்க அது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கனமான கம்பிவலை போடுங்கள். கருத்தடை கட்டாயம். மீன் கழுவும்போது பச்சைத் துண்டு போடாமல் வேகவைத்தே கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் எடையையும் வாயையும் பார்க்கட்டும்.

அடைபட்ட சுறுசுறுப்புக்கு வடிகால் விளையாட்டுதான். பூனையோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் வேட்டையாடுவதுபோல் விளையாடியபோது, அது வீட்டுக்குக் கொண்டுவரும் இரைகளின் எண்ணிக்கை 25 சதவீதம் குறைந்ததாக எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு 2021இல் காட்டியது. குச்சி நுனியில் கட்டிய இறகு போதும். பதுங்க, துரத்த, பாய்ந்து பிடிக்க இடம் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் உணவு வையுங்கள்.

நாள் முழுவதும் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும், சத்தம் பிடிக்காதவர்களுக்கும் இந்தப் பூனை பொருந்தாது. மற்றவர்கள் காப்பகத்தில் அட்டையைப் படித்த பிறகு இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். வயது என்ன, கருத்தடை ஆயிற்றா, ஈறும் பல்லும் எப்படி, மற்றப் பூனைகளைக் கடிக்குமா, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது? பதில்கள் உங்கள் வீட்டுக்கும் வருமானத்துக்கும் ஒத்துவந்தால், ஒரு வைரஸின் பெயருக்காக அதை அங்கேயே விட்டுவராதீர்கள்.