தொட்டிக்குள் அடங்காத மீன்கள்



வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. வேலை முடிந்து வந்து சிறிது நேரம் அதன் முன்னே உட்கார்ந்தால் மனத்துக்கு அமைதி கிடைக்கிறது. பிள்ளைகளும் ஓர் உயிருக்கு நேரம் தவறாமல் தீனி போடப் பழகுகிறார்கள். ஆகவே, மீன் வளர்ப்பதே தவறு என்று நாம் சொல்லப் போவதில்லை. ஒரு மீட்டர் நீளம் வளரக்கூடிய மீனை மூன்றடித் தொட்டியில் வளர்க்கலாமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

சிவப்பு வால் கெளுத்தி என்றொரு மீன் உண்டு. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, செந்நிற வால், நீண்ட மீசை என்று பார்க்க மிக அழகாக இருக்கும். தென் அமெரிக்காவின் அமேசான் ஆறு அதன் தாயகம். அலங்கார மீன் கடைகளில் அது விரல் நீளக் குஞ்சாக விற்கப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும். விலையும் கையைக் கடிக்காது. நாமும் வாங்கிக் கொடுத்துவிடுவோம். ஆனால் நன்றாகத் தீனி கிடைத்தால், ஓரிரண்டு ஆண்டுகளிலேயே அந்தக் குஞ்சு 60 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். அதே ஆற்றில் வாழும் அராபைமா மூன்று மீட்டர் வரை வளரும் இனம். அதுவும் சிறு குஞ்சாகத்தான் கைமாறுகிறது.

இனி தொட்டியை அளந்து பார்ப்போம். 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டியில் சுமார் 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 60 சென்டிமீட்டர் மீன் ஒன்று அந்த 45 சென்டிமீட்டர் அகலத்துக்குள் திரும்ப வேண்டுமானால், உடலை வளைத்து, மூக்கையும் வாலையும் கண்ணாடியில் உரசிக்கொண்டுதான் திரும்ப முடியும்.

இடம் போதாதது ஒரு குறை. தண்ணீர் நஞ்சாவது மற்றொரு குறை. ஒரு மீனின் நீளம் இரண்டு மடங்கானால், அதன் எடை இரண்டு மடங்கு கூடுவதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்கு கூடுகிறது. 10 சென்டிமீட்டர் குஞ்சு 60 சென்டிமீட்டர் ஆகும்போது எடை சுமார் 216 மடங்கு ஆகிவிடும். அதற்கேற்பத் தீனியும் கழிவும் பெருகும். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் கழிவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. வடிகட்டியில் தங்கி வாழும் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சிறிய மீன்களுக்கு இந்த ஏற்பாடு போதும். பெரிய மீன் கழிக்கும் கழிவுக்கு அந்தச் சிறு வடிகட்டி ஈடுகொடுக்காது. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் மீன் நஞ்சிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

“தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் மீன் வளரும்; கவலை வேண்டாம்” என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மையே உண்டு. நெருக்கடியிலும் கெட்ட நீரிலும் கிடக்கும் மீனின் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால் அது நோயின் அடையாளமே தவிர, மீன் இடத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டதாகப் பொருளாகாது. செம்பனை நாற்றைப் பையிலிருந்து எடுத்து உரிய காலத்தில் நிலத்தில் நடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வேர் பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்; நாற்று மெலிந்து நெட்டையாகும். பைக்குத் தக்கபடி அழகாக வளர்ந்திருக்கிறது என்று யாரும் அதைப் பாராட்டுவதில்லை. முதுகெலும்பு வளைந்து, உடல் குறுகிப்போன மீனும் அதைப் போன்றதுதான்.

சரி, மீனுக்குத் துன்பம் தெரியுமா? 2003-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் டிரவுட் என்னும் மீனைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் தலையிலும் வாய்ப்பகுதியிலும் வலியைத் தூண்டும் பாதிப்புகளை உணரும் நரம்புகள் இருப்பதைக் கண்டார்கள். உதட்டில் எரிச்சலூட்டும் மருந்தைச் செலுத்தியபோது, அந்த மீன்கள் இரை எடுப்பதை நிறுத்திவைத்தன; சில மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. மீன் மனிதரைப் போலவே உணர்கிறதா என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும், அதற்கு ஒன்றுமே தெரியாது என்று இனி எளிதாகச் சொல்லிவிட முடியாது.

“நாம் மீனைச் சமைத்துச் சாப்பிடுகிறோமே! தொட்டி மீனுக்கு மட்டும் ஏன் இந்த இரக்கம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உணவுக்காகப் பிடித்த மீனின் துன்பம் சிறிது நேரத்தில் முடிந்துவிடுகிறது. சிவப்பு வால் கெளுத்தியோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. மேலும், அதை நாம் பசிக்காக வாங்கவில்லை. கண்டு மகிழவே வாங்கினோம். ஓர் உயிர் அன்றாடம் நெருக்கடியில் கிடப்பதைப் பார்த்து மகிழ முடியுமா என்பதை நம் மனத்தையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய பெரிய மீன் ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். மலாய் மொழியில் கெலிசா என்று வழங்கும் ஆசிய அரோவானாதான் அது. பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரி இந்த மீனுக்குப் பெயர்பெற்றது. வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று பலர் நம்பியதால் அதைத் தேடிப் பிடித்தார்கள். இயற்கையில் அதன் தொகை மிகவும் குறைந்தது. 1975 முதல் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று காட்டில் பிடித்த கெலிசாவின் வாணிபத்தைத் தடை செய்துள்ளது. பதிவு பெற்ற பண்ணைகளில் வளர்க்கப்பட்டு, உடலில் அடையாளச் சில்லு பொருத்திய மீன்களே முறைப்படி நாடுவிட்டு நாடு போகலாம். இந்த மீனும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வரை வளரும். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, அது திரும்பி நீந்த இடம் வேண்டும்.

மீன் பெரிதாகிவிட்டது, தொட்டி போதவில்லை. அப்போது பலருக்குத் தோன்றுவது என்ன? “பாவம், ஆற்றில் விட்டுவிடுவோம், புண்ணியமாகப் போகும்” என்பதுதான். நேயர்களே, இந்த இரக்கம் பெருந்தீங்கில் முடியும். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பாசியைத் தின்னும் ஈக்கான் பண்டாராயா என்னும் மீனை நீங்கள் அறிவீர்கள். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. தொட்டிகளிலிருந்து வெளியேறிய அந்த மீன், கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுவதால் மண் சரிகிறது, வலைகளும் சேதமாகின்றன. பாசி தின்னும் மீனே இவ்வளவு செய்யுமானால், மீன் தின்னும் பெரிய கெளுத்தி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் தூண்டில் போடும் குளத்து மீன்களே அதற்கு இரையாகும்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஏற்கனவே பெரிய மீன் வைத்திருப்பவர்கள், விற்ற கடைக்காரர் திரும்ப ஏற்பாரா என்று கேட்கலாம். வெள்ளம் புகாத பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். காட்சியகங்கள் ஏற்றுக்கொள்ளும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அங்கும் இடத்துக்கு ஓர் எல்லை உண்டு. வேறு இடம் கிடைக்கும்வரை தீனியை அளவோடு போட்டு, தண்ணீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றி வாருங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு வழி இன்னும் எளிது. தோட்டத்தில் மாடு வாங்கியவர்கள், புல் எங்கே, கொட்டகை எங்கே, பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தார்கள். மீனுக்கும் அதே முறைதான். இதன் பெயர் என்ன? முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம்? எத்தனை ஆண்டு வாழும்? என்ன தின்னும்? இந்த நான்கையும் கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால், வாங்க வேண்டாம். கப்பி, வாள்வால் போன்ற சிறு மீன்கள் நம் வீட்டுத் தொட்டிக்குள் நன்றாக ஓடியாடும், குஞ்சும் ஈனும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

கடையில் குஞ்சைக் காட்டி அடம்பிடிக்கும் பிள்ளையிடம், “இது வளர்ந்தால் நம் வீட்டில் இடம் இல்லை, கண்ணு” என்று சொல்லிப் புரிய வைப்பது சற்றுக் கடினம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் பிள்ளை கற்றுக்கொள்வது பெரிது. ஆசைப்பட்டதெல்லாம் நம் கைக்கு வரவேண்டும் என்பதில்லை. கைக்கு வந்த உயிரைக் கடைசிவரை காப்பாற்றுவதே நம் கடமை. அதை வீட்டிலேயே சொல்லிக் கொடுப்போம்.