விரல்களே கால்களாக ஆடிய நடனமணி

படுக்கையில் ஓர் இளம்பெண் அசையாமல் படுத்திருக்கிறார். கண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. தலையைத் திருப்பக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, கடினமான பண்டம் எதையும் கடித்து மெல்லக் கூடாது. டாக்டர்களின் கண்டிப்பான உத்தரவு இது.

ஆனால் அந்தப் பெண்ணின் விரல்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. படுக்கை விரிப்பின் மேல் அவை அடி எடுத்து வைக்கின்றன, நிற்கின்றன, சுழல்கின்றன, துள்ளுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர், அடுத்த அடி எது என்பதைத் தன் விரல்களாலேயே காட்டிக் கொடுக்கிறார்.

அந்தப் பெண்தான் அலிசியா அலோன்சோ. கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில் 1920-ல் பிறந்தவர். பின்னாளில் உலகின் தலைசிறந்த பாலே நடனமணிகளில் ஒருவர் என்று பெயர் எடுத்தவர். ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்ற நிலையிலிருந்து அவர் மறுபடியும் நடன வகுப்புக்குத் திரும்பினார். ஏதாவது ஒரு கலையைப் பாதியில் விட்டுவிட்டு ஏங்கிக் கொண்டிருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

கண்ணா, ஆட்டமா?

ஹவானாவில் சிறு வயதிலேயே பாலே கற்கத் தொடங்கிய அலிசியா, நடனக் கலைஞர் பெர்னாண்டோ அலோன்சோவை மணந்தார். இருவரும் பிழைப்புத் தேடி 1937-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த பின்னும் அலிசியா வகுப்பை விடவில்லை. இசை நாடகங்களில் கூட்டத்தில் ஒருவராக ஆடிச் சம்பாதித்தார். பிறகு "பாலே தியேட்டர்" என்ற பெரிய குழுவில் இடம் கிடைத்தது.

இனிக் கவலை இல்லை என்று நினைத்த நேரத்தில் இடி விழுந்தது. 1941-ல் பார்வை பழுதுபட்டது. கண்ணின் உட்புறத்தில் உள்ள விழித்திரை தன் இடத்தை விட்டுப் பிரிந்திருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். காமிராவுக்கு பிலிம் எப்படியோ, கண்ணுக்கு விழித்திரை அப்படி. ஆபரேஷன் செய்து சரிப்படுத்தினாலும் அது மறுபடி பிரிந்துவிடும் அபாயம் உண்டு. உடம்பு குலுங்கவே கூடாது. குலுங்காமல், துள்ளாமல் பாலே ஏது?

முதல் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். அலிசியாவால் முடியவில்லை. படுத்தபடியே பாதங்களை நீட்டியும் வளைத்தும் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கட்டை அவிழ்த்தபோது ஆபரேஷன் முழுப் பலன் தரவில்லை என்று தெரிந்தது. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. பக்கவாட்டில் இருப்பவை இனி எந்நாளும் கண்ணுக்குத் தெரியாது என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். மூன்றாவது ஆபரேஷன் சொந்த ஊரான ஹவானாவில். இந்த முறை ஓராண்டுப் படுக்கை. பெற்ற குழந்தையோடு விளையாடவும் தடை!

விரல்கள் கற்ற பாடம்

பாதங்களையும் அசைக்க முடியாத அந்த நாட்களில்தான் விரல்கள் கால்களாக மாறின. கணவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய நாட்டிய நாடகங்களின் அடிகளை ஒவ்வொன்றாக விரல்களால் சொல்லிக் கொடுத்தார். அப்படிக் கற்றவற்றில் ஒன்று "ஜிசெல்". 1841-ல் பாரிஸ் நகரில் முதன்முதலாக மேடையேறிய நாட்டிய நாடகம் அது. ஒரு கிராமத்துப் பெண் பிரபு குடும்பத்து இளைஞனிடம் ஏமாந்து, சித்தம் கலங்கி உயிர் விடுகிறாள். ஆவியான பிறகும், மற்ற ஆவிகள் அவனைப் பழிவாங்க வரும்போது பொழுது விடியும் வரை அவனைக் காப்பாற்றுகிறாள்.

விரல் நடனம் வீண் வேலை அல்ல. ஓர் அசைவை மனத்துக்குள் ஒழுங்காக நடத்திப் பார்த்தாலே, அதை நிஜமாகச் செய்யும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் பலவும் இயங்குகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ரயிலில் உட்கார்ந்தபடி, மடியில் வைத்த கையாலேயே ஜதி போட்டுப் பார்க்கும் நாட்டிய மாணவியும் தன்னை அறியாமல் இதையே செய்கிறாள்.

மனம் தயார், கால் தயாரில்லை

ஓராண்டு கழித்து எழுந்தபோது அலிசியாவுக்கு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. படுத்தே கிடக்கும் உடம்பில் தசை வெகு சீக்கிரம் கரைந்துவிடும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆட வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதையும் மீறி அவர் வகுப்புக்குப் போனார்.

நெடுநாள் விட்டுவிட்டு ஆட வருகிற எவருக்கும் ஆபத்து காத்திருப்பது இந்த இடத்தில்தான். கற்ற அடி சட்டென்று நினைவுக்கு வந்துவிடுகிறது. போன பலம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. தாளம் காதில் விழுந்ததும், பழைய உயரத்துக்குத் துள்ளு என்று மனம் உத்தரவு போடுகிறது. ஆனால் கால் பழைய கால் அல்லவே! தசை முதலில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் உறுதிப்பட இன்னும் நாள் பிடிக்கும். பலம் வந்துவிட்டது என்று நம்பி அவசரப்படுபவருக்கு முழங்காலும் குதிகாலும் வலி கண்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போக நேரிடுகிறது.

எல்லோருக்கும் ஒரே கைப்பிடி

இதற்கு மருந்து பாலே வகுப்பின் ஒழுங்கிலேயே இருக்கிறது. மாடிப்படிக்கு இருப்பது போல, கூடத்துச் சுவரோரம் இடுப்பு உயரத்தில் நீளமான ஒரு மரக் கைப்பிடி இருக்கும். உலகப் புகழ் பெற்ற நட்சத்திரமானாலும், நேற்றுச் சேர்ந்த சிறுமியானாலும் தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வகுப்பைத் தொடங்க வேண்டும்.

முதல் பயிற்சிக்கு "பிளியே" என்று பெயர். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, முதுகு வளையாமல், முழங்கால்களை மெல்ல மடக்கி எழ வேண்டும். பரத நாட்டியத்தின் அரைமண்டியைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி 1661-ல் நடனத்துக்கென்று ஒரு கழகத்தையே ஏற்படுத்தினார். பாலே அங்கே வளர்ந்து ஒழுங்குபட்டதால் எந்த நாட்டு வகுப்பிலும் பயிற்சிகளுக்கு இன்றும் பிரெஞ்சுப் பெயர்கள்தான்.

பிறகு பாதத்தைத் தரையோடு தேய்த்து நீட்டுவது, காலை வட்டமாகச் சுழற்றுவது, உயரத் தூக்குவது. அதன் பின்னரே கைப்பிடியை விட்டுக் கூடத்தின் நடுவுக்கு வரலாம். பெரிய துள்ளல்கள் வகுப்பின் கடைசிப் பகுதியில்தான். கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கென்று நுனி இறுகச் செய்த காலணி ஒன்று உண்டு. இடைவெளி விட்டு வந்தவர் அதை உடனே மாட்டிக்கொள்ளக் கூடாது. கணுக்காலும் கெண்டைக்காலும் தேறிய பிறகே அதற்கு முறை வரும்.

இந்த ஒழுங்கைப் பொறுமையாகக் கடக்க முடிந்தவர் தேறிவிடுகிறார். தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கம்தான். ஒரு காலத்தில் மேடையில் கைதட்டல் வாங்கியவர், பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று முதல் பாடத்தைச் செய்ய வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவமும் பழைய உருவமாக இருக்காது.

1943 நவம்பர் 2

மறுபடி நியூயார்க் வந்த அலிசியாவுக்கு எதிர்பாராமல் அழைப்பு வந்தது. "ஜிசெல்" ஆட வேண்டிய புகழ்பெற்ற நடனமணி அலிசியா மார்க்கோவாவுக்கு உடல்நலம் இல்லை. அந்த வேடத்தை ஏற்க ஆள் வேண்டும். விரல்களால் ஆடிப் பார்த்த அதே நாடகம்! 1943 நவம்பர் 2-ம் தேதி மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில், ஆன்டன் டோலினுடன் சேர்ந்து அலிசியா அலோன்சோ ஆடினார். அந்த இரவுக்குப் பிறகு ஜிசெல் என்றாலே அவர் பெயரும் சேர்ந்து நினைவுக்கு வந்தது.

பக்கப் பார்வை திரும்பவே இல்லை. மேடையில் பொருத்திய பலமான விளக்குகளைக் கொண்டு திசை அறிந்து ஆடினார். உடன் ஆடுபவர் சொன்ன இடத்தில் இம்மியும் பிசகாமல் நிற்க வேண்டும். 1948-ல் ஹவானாவில் சொந்தக் குழு தொடங்கினார். அதுவே பின்னர் கியூபாவின் தேசிய பாலே குழுவாயிற்று. எழுபது வயதைத் தாண்டியும் மேடையில் ஆடிய அவர், 2019 அக்டோபரில் 98-வது வயதில் காலமானார்.

மும்பையிலும் ஒருவர்

மும்பைத் தமிழர்களுக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது. இந்த நகரில் வளர்ந்த பரத நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் காலில் அடிபட்டார். காயம் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய "ஜெய்ப்பூர் கால்" அவருக்குப் பொருத்தப்பட்டது. அந்தக் காலோடு நடக்கப் பழகி, நிற்கப் பழகி, ரத்தம் கசிந்த நாட்களிலும் விடாமல் அடவு பழகினார். 1984 ஜனவரியில், அன்றைய பம்பாயில் மறுபடி மேடையேறினார். அவருடைய கதை 1985-ல் "மயூரி" என்ற தெலுங்குப் படமாக வந்தபோது, அவரே கதாநாயகியாக நடித்தார்.

கல்யாணம், பிரசவம், மாற்றல் உத்தரவு, ஒற்றை அறை வீடு என்று எத்தனையோ காரணங்களால் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பெண்கள் பலர். மறுபடி தொடங்க நினைப்பவர்கள் வகுப்பில் சேருவதற்குச் சில வாரம் முன்பே தினமும் வேகமாக நடக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். பழைய அடிபாடு இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையில் துள்ளலைத் தவிர்ப்பது நல்லது. முதல் மாதம் முழுக்க முதல் காலத்தில், மெதுவாக ஆடினால் போதும். வேகம் தானாக வரும்.

அதுவரை, சமையலறை மேடை மேல் இரண்டு விரல்கள் தட்டடவு போட்டுக்கொண்டிருக்கட்டும். அலிசியாவுக்கு ஓராண்டு முழுக்க இருந்ததும் அவ்வளவு இடம்தானே!